நடுவில் ஒரு வியாபாரி

அத்தியாயம் 9

“இருபத்தஞ்சாயிரம். அதுக்குக் கீழே ஒரு காசு இறங்க மாட்டேன்.”

அண்ணன் இதை மூன்றாவது நாளாகச் சொன்னான். சொல்லிவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையை இன்னொரு முறை துடைத்தான்.

தங்கை காயில் மெஷினின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பன்னிரண்டு வருஷமாக அவள் சுற்றிய கைப்பிடி. எரிந்துபோன மோட்டார் எது வந்தாலும், உள்ளே கருகிக் கிடக்கும் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியை இதில்தான் சுற்றி எடுப்பாள். வாடிக்கையாளர்களுக்கு அவள் ‘காயிலக்கா’. பட்டறையின் முதலாளி அண்ணன் என்பது அவர்களில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது. அது அண்ணனுக்கும் தெரியும்.

போன வாரம், ஒரு பம்பு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவன் சொன்னான். பட்டறையை மூடுகிறானாம். ஒரு குளிர்பதனக் கிடங்கில் மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். முதல் தேதி போய்ச் சேரவேண்டுமாம். ‘நீயும் வேற எங்கயாவது பாத்துக்கோ.’ அவ்வளவுதான் பேச்சு.

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு, தொழிலைத் தானே தொடர்ந்து நடத்தப் போவதாகச் சொன்னாள். அதற்கு இந்தக் காயில் மெஷின் வேண்டும். சும்மா வேண்டாம், நியாயமான விலைக்குத் தந்தால் போதும் என்றாள்.

சும்மா கேட்டிருந்தால்கூட இத்தனை வம்பு வந்திருக்காதோ என்று இப்போது தோன்றியது.

“முதல்ல பதினாறு சொன்னேன். நேத்து பதினேழு சொன்னேன். இன்னைக்குப் பதினெட்டு சொல்றேன். அதுக்கு மேல எங்கிட்ட இல்ல அண்ணே.”

“நான் வாங்கினப்பவே அது நாற்பது.”

“எப்ப வாங்கின? என் பொண்ணு அப்பப் பொறக்கவே இல்ல. இப்ப அவ காலேஜ் போறா.”

“இரும்புக்கு ஏது வயசு?”

“சுத்து எண்ணுற கவுன்ட்டருக்கு வயசாயிருச்சே! நூறு சுத்து காட்டினா உள்ள தொண்ணூத்தொம்பதுதான் இருக்கு. நான்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு சுத்து கூடச் சுத்தி சமாளிக்கறேன்.”

“பாத்தியா? குறை சொல்லிச் சொல்லியே விலையைக் குறைக்கப் பாக்கறே.”

“அண்ணே, மூணு நாளா மத்தியானம் சாப்பிடாம பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கிட்டு வந்திருக்கேன். இதே மெஷின், இதே சைஸ், பதினாறுல ஆரம்பிச்சு பத்தொம்பது வரைக்கும்தான் போகுது.”

“அதெல்லாம் எவன் எவன் மெஷினோ. இது நம்ம மெஷின்.”

நம்ம மெஷின் என்பதால் தங்கைக்கு மட்டும் ஏழாயிரம் அதிகம்! அவளுக்குப் பொறுக்கவில்லை. சுவரில் போய் முட்டிக்கொண்டால்கூடக் கொஞ்சம் சுண்ணாம்பாவது உதிரும்.

மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணி, மண்ணெண்ணெய்த் துணியால் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கோங்க,” என்றாள் தலை தூக்காமல். “பேசறது நீங்க, வாய் வலிக்கறது எனக்கு. பத்து மணிக்கு அந்த ஆள் வந்துருவார்.”

அந்த ஆள், பழைய பட்டறைச் சாமான் வாங்கி விற்பவர். அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் அவருக்கு ‘மொத்தம்’ என்று பெயர். ஒரு திருகாணியைக் காட்டினாலும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “எல்லாம் மொத்தமா என்ன சொல்றீங்க?” என்பார்.

*

பத்து மணிக்கு வரவேண்டியவர் பதினொன்றே காலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா, கையில் மடித்த காகிதம். தண்ணீர் வாங்கிக் குடித்தார். விசிறிக்கு அடியில் நின்றார். பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“மொத்தமா அறுபதாயிரம் மாஸ்டர்,” என்றார், ஏதோ அண்ணனுக்கு உதவி செய்ய வந்தவர் மாதிரி.

“ஐயா, காயில் மெஷினை மட்டும் விட்டுட்டு மத்ததுக்குச் சொல்லுங்க,” என்றாள் தங்கை. “அது எனக்கு வேணும்.”

“அதை எடுத்துட்டா மத்ததுல எனக்கு என்னம்மா இருக்கு? மொத்தமா வந்தாதான் எனக்குக் கட்டுப்படியாகும்.”

“நீ நடுவுல பேசாத,” என்றான் அண்ணன்.

மொத்தம் மெஷின் பக்கம் போனார். கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றினார். “எல்லாம் ஓடுதில்ல?”

“எல்லாம் பக்கா. கை வெச்சா போதும், ஓடும்,” என்றான் அண்ணன்.

“கவுன்ட்டர்?”

“அதுவும் பக்கா.”

மொத்தம் அவளிடம் திரும்பினார். “இதுல வேலை பாக்கறது தங்கச்சிதானே? நீங்க சொல்லுங்கம்மா.”

அண்ணன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாதவள் இல்லை அவள். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் இதை வாங்கிப்போகிற எவனோ ஒருவன் கவுன்ட்டரை நம்பிச் சுற்றுவான். நூற்றுக்கு ஒன்று குறையும். எத்தனை மோட்டார் சூடேறிப் புகைந்தாலும் தப்பு எங்கே என்று அவனுக்குத் தெரியாது. தன் கையைத்தான் திட்டிக்கொள்வான்.

“கவுன்ட்டர் நூத்துக்கு ஒண்ணு ஏமாத்தும் ஐயா. பல்சக்கரம் ஒண்ணு மாத்தினா சரியாயிரும்.”

அண்ணனின் முகம் சிவந்தது. “நினைச்சேன்! உனக்குக் கிடைக்கலைன்னதும் எனக்கும் கிடைக்கக்கூடாது, அப்படித்தானே?”

“கேட்டாரு, சொன்னேன்.”

“உன்னை நான் கேட்டேனா?”

மொத்தத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? காகிதத்தைப் பிரித்தார், பேனாவை எடுத்தார். டிரில்லிங் மெஷினைத் தட்டினார், “சத்தம் ஒரு மாதிரி இருக்கே” என்றார். வார்னிஷ் காய வைக்கிற சூட்டுப்பெட்டியைத் திறந்தார், “கதவு தொங்குது” என்றார். பேரிங் கழற்றுகிற புல்லரைத் தூக்கிப் பார்த்து, “இது இப்ப யார் வாங்கறா?” என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை, ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெருமூச்சு.

“ஐம்பத்திரண்டு மாஸ்டர். வீட்டுக்குள்ளயே குறை சொல்ற சாமானுக்கு இதுக்கு மேல நான் எப்படிக் குடுக்க?”

அவள் அண்ணனைப் பார்த்தாள். இப்போது வெடிப்பான், காலையில் இருந்து தன்னிடம் காட்டிய வீராப்பில் பாதியையாவது இவரிடம் காட்டுவான் என்று காத்திருந்தாள்.

அண்ணன் பின்கழுத்தைச் சொறிந்தான். “கொஞ்சம்... பாத்துச் செய்யுங்க,” என்றான்.

“பாத்துட்டுத்தானே சொல்றேன்.”

“சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

தங்கையிடம் ஒரு காசு இறங்காதவன், வெளி ஆளிடம் எட்டாயிரத்தை ஒரு தலையாட்டலில் விட்டுவிட்டான்! இந்தக் கோபம் மெஷின் போகிறதே என்று வந்ததல்ல. அந்தச் சூட்டுப்பெட்டியை அவனும் அவளும் சேர்ந்துதான் தகடு வெட்டிப் பற்றவைத்துச் செய்தார்கள். அதன் கதவு தொங்குகிறதாம்!

“ஐயா, அந்தக் காகிதத்தை இப்படிக் குடுங்க.”

“நீ சும்மா இரு,” என்றான் அண்ணன்.

“நீ சும்மா இருண்ணே. நல்லாத்தான் சும்மா இருக்கே, அப்படியே இரு.”

முக்காலியில் இருந்த அண்ணி ஸ்பேனர் துடைப்பதை நிறுத்தினாள்.

அவள் காகிதத்தை வாங்கி வரிசையாகப் படித்தாள். “புல்லர் ரெண்டாயிரம். முந்தாநாள் உங்க கடைக்கு வந்திருந்தேன். நீங்க இல்ல, உங்க மருமகன் இருந்தார். இதே புல்லர், ஒரு கால் வளைஞ்சது, நாலாயிரத்து ஐந்நூறு சொன்னார். இதுக்கு மூணு காலும் நேரா இருக்கு. பாருங்க.”

மொத்தத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது. பேனா மட்டும் அசையவில்லை.

“அது விக்கிற விலைம்மா.”

“தெரியும். அதனாலதான் நாலு சொல்றேன், நாலரை சொல்லலை. டிரில்லிங் மெஷின் ஏழாயிரமா? அதோட மோட்டார் போன வருஷம் நான் கட்டினது. முழுச் செம்பு. அண்ணி, அந்த ஸ்விட்சைப் போடுங்க.”

அண்ணி எழுந்து போட்டாள். மெஷின் அமைதியாகச் சுழன்றது.

“இதுல என்ன சத்தம் ஐயா? எனக்குக் கேக்கலை. உங்களுக்குக் கேக்குதா அண்ணி?”

“எனக்கு உங்க சத்தம்தான் கேக்குது,” என்றாள் அண்ணி.

முக்கால் மணி நேரம் ஆனது. மொத்தம் இரண்டு முறை கிளம்பிவிட்டார். இரண்டு முறையும் வாசல்வரை போய், செருப்பில் ஒரு காலை நுழைத்து, “கடைசியா ஒண்ணு சொல்றேன்” என்று திரும்பி வந்தார். விட்டுவிடலாம் என்று நாலு தடவை நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் அண்ணன், “போதும், விடு, அவர் சொன்னதே சரி” என்றான். அவன் அப்படிச் சொன்னதாலேயே அவள் விடவில்லை.

டிரில்லிங் மெஷின் ஏழிலிருந்து பதினொன்றுக்கு ஏறியது. சூட்டுப்பெட்டி எட்டிலிருந்து பதினொன்று. புல்லர் நாலு. கம்பியின் உறை சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற மெக்கரை அவர் கண்ணெதிரே ஒரு மோட்டாரில் மாட்டிக் காட்டினாள். அது மூன்றிலிருந்து ஐந்தானது.

கடைசியாகக் காயில் மெஷின். மொத்தம் அதற்குப் பன்னிரண்டு போட்டிருந்தார்.

இதன் விலையை ஏற்றினால் தனக்குத்தான் எட்டாமல் போகும். தெரிந்தே சொன்னாள்:

“பல்சக்கரம் மாத்த ஆயிரம் ஆகும். அதைக் கழிச்சுக்கோங்க. பதினேழு.”

“குறையுள்ள சாமானும்மா...”

“குறையைச் சொன்னது நான். விலையைச் சொல்றதும் நான். பதினேழு.”

மொத்தம் காகிதத்தை வாங்கிக் கூட்டினார். மறுபடி கூட்டினார். “அறுபத்தெட்டு,” என்றார் சலிப்புடன். “இன்னைக்கு நான் முழிச்ச முகம் சரியில்ல. முன்பணம் இருபது தரேன். நாளைக்குக் காலையில வண்டி வரும், மீதியைக் குடுத்துட்டு ஏத்திக்கறேன். சம்மதமா மாஸ்டர்?”

அண்ணன் தலையாட்டினான். அவன் கண் தங்கையின் பக்கம் வரவே இல்லை.

மொத்தம் பணத்தை எடுக்கச் சட்டைக்குள் கை விட்டார். அப்போது அவள் கேட்டாள்:

“இப்ப காயில் மெஷின் உங்களுதுதானே ஐயா?”

“ஆமா.”

“எனக்கு வேணும். என்ன விலை?”

மொத்தம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முதல் முறையாக மனசுவிட்டுச் சிரித்தார். “இருபது.”

“பதினேழுக்கு எடுத்து இன்னும் உங்க பேனா மூடியைக்கூடப் போடலை.”

“ஏத்துக்கூலி இருக்கு, இறக்குக்கூலி இருக்கு, கடை வாடகை இருக்கு...”

“யார் ஏத்தினா, யார் இறக்கினா? அது நின்ன இடத்துலயே நிக்குது.”

“பத்தொம்பது.”

“எங்கிட்ட பதினெட்டுதான் இருக்கு. வேணும்னா பையைக் கொட்டிக் காட்டறேன்.”

அவர் பேனா மூடியைப் போட்டார். “எடுத்துக்கோங்க. ஆனா நாளைக்கு வண்டி வர்றதுக்குள்ள இங்கருந்து போயிரணும். இருந்தா மத்ததோட சேர்த்து ஏத்திருவேன். அப்புறம் கடைக்கு வந்துதான் வாங்கணும், கடை விலைக்கு.”

கைப்பையிலிருந்து அவள் கட்டை எடுத்தாள். ரப்பர் பேண்டு அறுந்துபோனதால் மகளின் தலைமுடி பேண்டைப் போட்டுக் கட்டியிருந்தாள். ஊதா நிறம், அதில் சின்னதாக ஒரு பொம்மைப் பூ.

மொத்தம் அதை வாங்கினார். விரலால் புரட்டிப் பார்த்தார். தன் சட்டைப்பையிலிருந்து இரண்டாயிரம் எடுத்து அதன் மேல் வைத்தார். அப்படியே அண்ணனிடம் நீட்டினார்.

“முன்பணம் இருபது. சரியா மாஸ்டர்?”

சரிதான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவர் போய்விட்டார்.

அண்ணன் கையில் அந்தக் கட்டு இருந்தது. ஊதாப் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றான். காலையில் அவள் சொன்ன பதினெட்டு அவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் மெஷினுக்காக அவனுக்குக் கிடைத்தது பதினேழு. நடுவில் ஓராயிரம் ரூபாய், ஒரு திருகாணியைக்கூடத் தூக்காமல், வெள்ளைச் சட்டையோடு வெளியே நடந்துபோய்விட்டது.

“எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?” என்றான்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“கேட்டேனே அண்ணே. மூணு நாளா கேட்டேனே. காலையில இதே பதினெட்டைத்தானே சொன்னேன்.”

“அப்ப நான் ஏதோ கோபத்துல...”

“எதுக்குக் கோபம்? நான் என்ன பண்ணேன்?”

அண்ணனுக்கு வார்த்தை தடுமாறித் தடுமாறி வந்தது:

“நான் மூடறேன்னு சொன்னதும், சரி நான் நடத்தறேன்னு நீ சொன்னே. ஒரு தடவையாவது, மூடாதேண்ணேன்னு சொன்னியா?”

கட்டை மேசைமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனான்.

மூன்று நாள் பேரத்தில் இது எங்கேயும் வரவில்லை. இருபத்தைந்தாயிரம் என்று அவன் சொன்ன ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தானா? வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்! பாவமாக இருந்தது. பாவத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது.

*

“டீக்கடைக்குத்தான் போயிருப்பார்,” என்றாள் அண்ணி. “கோபம் வந்தா ரெண்டு மணி நேரம் அங்கதான். நாலு டீ குடிச்சுட்டுப் பசியில்லைன்னு வீட்டுக்கு வருவார்.” மேசைமேல் இருந்த கட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். “அது சரி, மெஷினை வாங்கிட்டே. எங்க வெப்பே?”

தங்கை முக்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக விலையைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. அவள் வீடு மூன்றாவது மாடி. கணவருக்கு ராத்திரி ஷிப்ட், பகல் முழுக்கத் தூங்கவேண்டிய மனிதர். கீழ்வீட்டுக்காரர் நாற்காலியை நகர்த்தினாலே மேலே வந்து கதவைத் தட்டுவார்.

“தெரியலை அண்ணி.”

“தெரியாமத்தான் இத்தனை ஆட்டம் ஆடினியா?” அண்ணி மண்ணெண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். “எங்க வீட்டு முன் ரூம் இருக்கு. பழைய மோட்டார் மூணும் உடைஞ்ச சைக்கிளும்தான் கிடக்குது. தெருப் பக்கம் தனி வாசல்.”

“அண்ணி! அண்ணன் என்ன சொல்லும்?”

“அவர் முதல் தேதியிலேருந்து வாரத்துல ஆறு நாள் கிடங்குலதான். அந்த ஆறு நாளும் வீட்டுல இருக்கப்போறது நான். எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்தாள்: “வாடகை உண்டு. சும்மா கிடையாது.”

“எவ்வளவு அண்ணி?”

“ஐயோ, மறுபடியும் ஆரம்பிக்காதே! முதல்ல தூக்கு.”

தெருமுனையில் மூன்று சக்கரச் சுமை வண்டி ஒன்று நின்றது. முந்நூறு கேட்டான் டிரைவர். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு முந்நூறு அநியாயம். அவள் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினாள். பேரம் பேச அவளிடம் அன்றைக்கு வார்த்தை மிச்சமில்லை. டிரைவரே திகைத்துப்போய், ஏற்றும்போது ஒரு கை கொடுத்தான்.

வீட்டு வாசலில் மெஷினை இறக்கி வைத்துவிட்டு வண்டி போனது. அண்ணி சாவியை எடுத்து முன் ரூம் பூட்டில் நுழைத்தாள். திருகினாள். கதவு அசையவில்லை.

“என்ன இது, உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு?”

உள்ளே எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. நின்றது. தாழ்ப்பாள் விலகியது.

அண்ணன் நின்றான். சட்டையெல்லாம் தூசி, புருவத்தில் ஒட்டடை. அவனுக்குப் பின்னால் பாதி அறை காலியாகியிருந்தது. உடைந்த சைக்கிள் சுவரோரம் போயிருந்தது. பழைய மோட்டார்கள் மூன்றும் வரிசையாக இருந்தன, ஒன்று பிரித்த நிலையில்.

அவன் முதலில் மெஷினைப் பார்த்தான். பிறகு தங்கையை. கடைசியாக மனைவியை.

“இது எதுக்கு இங்க வந்திருக்கு?”

“அதை நான் கேக்கணும்,” என்றாள் அண்ணி. “நீங்க எதுக்கு இந்த ரூமைக் காலி பண்றீங்க?”

“ஞாயித்துக்கிழமையில ஏதாவது ஒரு மோட்டார் பாக்கலாம்னு...” என்று இழுத்தான் அண்ணன்.

“சரி, அப்புறம் சொல்லுங்க. இப்ப வழி விடுங்க.”

அண்ணி குனிந்து ஒரு பக்கம் பிடித்தாள். தங்கை மறுபக்கம் பிடித்தாள். மெஷின் தரையை விட்டு எழுந்தது.

அண்ணன் வாசல்படியில் நின்ற இடத்திலேயே நின்றான்.

“அண்ணே,” என்றாள் அவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. “கனக்குது.”